மேடு பள்ளமில்லாத ஐம்பது கஜம்

தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் பக்கவாதம் வந்து படுத்தவர்களில் எத்தனை பேர் எழுந்து நடந்தார்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று பதில் வரும். அழுத்திக் கேட்டால், எத்தனை வீடுகளுக்குப் போனோம் என்று வரும். இன்னும் அழுத்தினால், விருது வாங்கிய படம் வரும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வராது. மறைக்கிறார்கள் என்று யாரும் பழி போட வேண்டாம். மறைப்பதற்கு முதலில் குறித்து வைத்திருக்க வேண்டுமே!

எண்ணத் தெரியாத அரசு என்றும் சொல்லிவிட முடியாது. வீட்டுக்கே மருந்து கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று, தர்மபுரிக்கு அடுத்த வீடான கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளியின் கையில் மருந்துப் பெட்டகம் கொடுக்கப்பட்டது. 2024 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் இரண்டு கோடியாவது பயனாளி கிடைத்தார். அதே ஆண்டு ஐ.நா. பணிக்குழுவின் விருதும் வந்தது. இரண்டு கோடி பேர் நிற்கும் வரிசையில் கடைசி ஆளைச் சரியாகக் கண்டுபிடித்து, அவர் முன்னால் கேமராவை நிறுத்தத் தெரிந்திருக்கிறது. அந்த வரிசையில் பக்கவாதத்தோடு நுழைந்தவர்களில் கால் திரும்பி வந்தவர் யார், கை திரும்பி வந்தவர் யார், போய்ச் சேர்ந்தவர் யார் என்பது எந்த விளம்பரப் பலகையிலும் ஏறியதில்லை. வாசல் தட்டியவனுக்குத்தான் கணக்கு. கதவைத் திறக்க எழுந்து வர முடியாதவனுக்குக் கணக்கில்லை.

திட்டம் கெட்டது என்று சொல்ல நான் வரவில்லை. பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது பக்கவாதத்தை வாசலிலேயே மறிக்கிற வேலை. மலையில் அதைவிடப் புண்ணியம் வேறில்லை. ஆனால் கொடுத்த மாத்திரை என்ன செய்தது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தபோது என்ன தெரிந்தது? தமிழ்நாட்டின் சொந்தக் கணக்கெடுப்பே சொன்னது: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 2020இல் நூற்றுக்கு 7.3 பேர், 2023-24இல் ஏறத்தாழ 17 பேர். இரட்டிப்புக்கு மேல் முன்னேற்றம். கைதட்ட வேண்டிய விஷயம்தான். கைதட்டி முடித்ததும் மிச்சமிருக்கும் 83 பேரையும் எண்ண வேண்டுமல்லவா? அதனால்தான் இந்தக் கணக்கு அறிக்கைக்குள் அடக்கமாக உட்கார்ந்துகொள்ள, இரண்டு கோடி மட்டும் மேடையேறியது. எது வெட்கப்பட வைக்குமோ அது அறிக்கைக்கு. எது மார்தட்ட வைக்குமோ அது சுவரொட்டிக்கு.

பக்கவாதம் வந்தவர் எவ்வளவு தேறினார் என்று அளக்க வழியில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1957இலேயே கிளாஸ்கோவில் ஜான் ரேங்கின் என்ற மருத்துவர் ஓர் அளவுகோல் கொடுத்தார். பிற்பாடு திருத்தப்பட்ட வடிவம்தான் இன்று உலகெங்கும் புழங்குகிறது. பூஜ்யம் என்றால் ஒரு குறையும் இல்லை. 3 என்றால் துணை வேண்டும், ஆனால் தானே நடப்பார். 4 என்றால் துணையில்லாமல் நடக்க முடியாது. 5 என்றால் படுத்த படுக்கை. 6 என்றால் இறந்துவிட்டார். ஏழே ஏழு எண்கள். நோய் வந்த 90ஆம் நாளில் கேட்பது வழக்கம். போனிலேயே கேட்டுவிடலாம். இதற்கு ஸ்கேனும் வேண்டாம், ஸ்பெஷலிஸ்டும் வேண்டாம். கேட்க ஒரு மனம் இருந்தால் போதும். அரசுக் கொள்முதலில் கிடைக்காத பொருள் அது ஒன்றுதான்.

இன்னொன்று பார்தெல் குறியீடு. அமெரிக்காவின் மேரிலாந்தில் புளோரன்ஸ் மஹோனியும் டோரதியா பார்தெல்லும் 1965இல் வெளியிட்டது. பத்துக் கேள்வி, நூறு மதிப்பெண். தானே சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, தலை சீவுகிறாரா, உடுத்துகிறாரா, மலமும் சிறுநீரும் அடங்குகின்றனவா, கழிப்பறைக்குப் போய் வருகிறாரா, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுகிறாரா, சமதளத்தில் ஐம்பது கஜம் நடக்கிறாரா, மாடிப்படி ஏறுகிறாரா. நல்ல கேள்விகள். மேரிலாந்துக்கு.

இதைச் சித்தேரிக்குக் கொண்டுபோவோம். அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஊராட்சி அது. ஏதோ ஒரு சிற்றூரில், வலப்பக்கம் இழுத்துக்கொண்டு படுத்திருக்கும் ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், கணக்கில் அவர் எண்தானே. கையில் படிவத்தோடு ஒரு பிள்ளை வந்து திண்ணையோரம் உட்காருகிறது.

“தாத்தா, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானா மாறி உட்காருவீங்களா?”

“கட்டில் ஏது கண்ணு? பாய்தான். நாற்காலி ஒண்ணு இருக்குது, கட்சிக்காரங்க வந்தா போடறதுக்கு.”

பதினைந்து மதிப்பெண்ணுக்கான கேள்வி அது. பிள்ளை பேனாவைக் கடிக்கிறது.

“பாத்ரூமுக்குத் தானா போறீங்களா?”

“பாத்ரூம் கட்டிக் கொடுத்தாங்க. தண்ணி இல்லாம வெறகு அடுக்கி வச்சிருக்குது. நான் காட்டுக்குத்தான் போவணும். மருமவ தோள புடிச்சிகிட்டுப் போறேன்.”

“மாடிப்படி ஏறுவீங்களா?”

பெரியவர் சிரிக்கிறார். வாய் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிறது. வீட்டில் மாடி இல்லை. ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் படிதான். கட்டியவன் யாரும் இல்லாத, ஒரு படிக்கும் இன்னொரு படிக்கும் உயரம் ஒத்துப்போகாத பாறைப்படி.

“சரி, சமதளத்தில் ஐம்பது கஜம் நடப்பீங்களா?”

“எங்க நடக்கறது? சமதளம்னா இஸ்கூல் கிரவுண்டுதான். அங்க போவணும்னா என்னைய யாராவது தூக்கிட்டுப் போவணும்.”

நடக்க முடிகிறதா என்று சோதிக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போக வேண்டிய மனிதருக்கு எத்தனை மதிப்பெண் என்று மேரிலாந்து எழுதி வைக்கவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் தங்கள் ஊர் வார்டில், தங்கள் நோயாளிகளுக்காக எழுதினார்கள். அறுபது வருஷமாக அதைத் தூக்கிக்கொண்டு திரியும் நாம்தான் அதற்குக் காட்டுப்பாதையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவருக்கு வேண்டியதை அந்தப் படிவம் கேட்கவே இல்லை. சாமை அறுக்கக் குனிய முடியுமா, புளியமரத்தடியில் உட்கார்ந்து பொறுக்கவாவது முடியுமா, மாட்டை அவிழ்த்துக் கட்ட முடியுமா? மடங்கிப்போன விரலை விரித்து ரேஷன் கடை மெஷினில் வைக்க முடியுமா? கடைசிக் கேள்வி அரசாங்கம் தானே வைத்த பரீட்சை. அதில் தேறாவிட்டால் மதிப்பெண் போனால் பரவாயில்லை, அரிசி போகும்.

அளவுகோல்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: ‘வாசல் முதல் ஊசி வரை.’ ரத்தக்குழாய் அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு, அடைப்பைக் கரைக்கும் ஊசியை நோய் தாக்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் பார்த்து, மூளைக்குள் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று 2006இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆகவே, நோயாளி ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததிலிருந்து ஊசி ஏறும்வரை எத்தனை நிமிடம் என்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் கடிகாரம் பிடிக்கின்றன. நல்ல பழக்கம். கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஆஸ்பத்திரி வாசலில்! சித்தேரியின் உள்சிற்றூரிலிருந்து டோலி கட்டி, நாலு பேர் தோள் மாற்றித் தூக்கி, ரோட்டுக்கு வந்து, 108க்குக் காத்திருந்து, அரூர் போய், அங்கிருந்து தர்மபுரி போகும் நேரம் இந்தக் கடிகாரத்தில் ஓடுவதில்லை. நாலரை மணி நேரம் கழித்து வந்தவருக்கு ஊசியே இல்லை. ஊசியே இல்லாதவருக்கு வாசல் முதல் ஊசி வரை தாமதமும் இல்லை. மலைக்காரர் எவ்வளவுக்கு எவ்வளவு தாமதமாக வருகிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு ஆஸ்பத்திரியின் கணக்கு சுத்தமாக இருக்கும். இப்படி ஓர் ஒத்துழைப்பை எந்த நோயாளியிடம் எதிர்பார்க்க முடியும்?

பிறகு டிஸ்சார்ஜ். “வீட்டுல வச்சுப் பயிற்சி குடுங்கம்மா” என்று மருமகளிடம் சொல்லி, கையை எப்படி மடக்குவது, காலை எப்படி நீட்டுவது என்று இரண்டு தடவை காட்டி அனுப்புவார்கள். மருமகள் தலையாட்டுவாள். அன்றிலிருந்து இயன்முறை சிகிச்சைப் பிரிவு, செவிலியர் பிரிவு, சமையல் பிரிவு, துணி துவைக்கும் பிரிவு எல்லாம் அவள்தான். அவளுக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

குடும்பத்தார் கையிலேயே மறுவாழ்வுப் பயிற்சியை ஒப்படைத்தால் பலன் உண்டா என்று இந்தியாவிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மீதிப் பாதிப் பேரின் குடும்பத்தாருக்கு ஆஸ்பத்திரியிலேயே பயிற்சி கொடுத்து, வீட்டுக்கும் ஆறு தடவை வரை போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து ரேங்கின் எண்ணைக் கேட்டார்கள். இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே வாழ்பவர்களுமாகச் சேர்த்து இந்தப் பக்கம் நூற்றுக்கு 47. அந்தப் பக்கமும் நூற்றுக்கு 47. ஒரு வித்தியாசமும் இல்லை. உழைப்பெல்லாம் வீணாயிற்றே என்று மூடி மறைக்காமல், 2017இல் லான்செட் இதழில் அப்படியே அச்சிட்டார்கள். அளப்பது என்றால் இதுதான். நமக்குப் பிடிக்காத எண் வந்தாலும் எழுதிவைப்பது.

இப்போது கணக்குப் போடுங்கள். பயிற்சி பெற்றவர் ஆறு தடவை வரை வீட்டுக்கு வந்தும் எண்ணை அசைக்க முடியவில்லை. நமது திட்டத்தில் ஒரு வட்டாரம் முழுமைக்கும் இயன்முறை மருத்துவர் ஒருவர். அவர் சமவெளியையும் பார்த்து, மலையையும் ஏறி, ஒரு தடவை வந்து, கையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ஆப்பில் ஏற்றிவிட்டுப் போனால் என்ன அசையும்? படத்தில் கை தூக்கியிருக்கும். அது போதும். தூக்கியது யார் கை, தூக்கிப் பிடித்தது யார் கை என்று ஆப்பில் கேள்வி இல்லை.

புறா ரத்தம் தடவினால் பக்கவாதம் போகும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டியதுதான்; அதனால் போகாது. ஆனால் புறா ரத்தம் தடவிய குடும்பம் மறுநாள் காலையில் எழுந்ததும் விரல் அசைகிறதா என்று பார்க்கிறது. அதற்கு மறுநாளும் பார்க்கிறது. அசையவில்லை என்றால் வைத்தியனைத் திட்டுகிறது. மூடநம்பிக்கையிடம் இருக்கும் அந்த ஒழுங்குகூட நமது அறிவியல் நிர்வாகத்திடம் இல்லை.

மலையேறத் தெரியாத அரசு, பாவம் என்று யாராவது இரக்கப்பட்டால் அவர்களுக்காக இரண்டு தகவல்கள். இதே தர்மபுரி மாவட்டத்தில் பாதையில்லாத கோட்டூர் மலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்குப்பதிவு எந்திரம் கழுதைமேல் ஏறிப் போகிறது. ஒரு ஓட்டும் விடுபடக் கூடாது என்ற அக்கறையில் கழுதைக்குக்கூட அரசாங்க வேலை கிடைக்கிறது. ஓட்டுப் போட்ட கை ஒருநாள் விழுந்துவிட்டால், அதைத் தூக்கிவிட ஆள் ஏற்றிவர எந்தக் கழுதையையும் யாரும் வாடகைக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாவது தகவல் சிரிக்க முடியாதது. சித்தேரி மலையின் அடிவாரத்தில்தான் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தல் என்று சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தன. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டார்கள். 2011இல் தண்டனை, அதை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29 அன்று. சந்தனக்கட்டைக்குக் கிலோக் கணக்கு வைக்க அரசுக்குத் தெரியும், அதைத் தேட எத்தனை லாரி ஆள் வேண்டும் என்றும் தெரியும். அன்று வண்டி பழுது இல்லை, ஆள் பற்றாக்குறை இல்லை, பணியிடம் காலி இல்லை, டி.ஏ. பாக்கி இல்லை. கட்டைக்காக வந்த 269 பேரை நினைத்துக்கொண்டு, கட்டையாகக் கிடக்கும் மனிதர்களுக்காக எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், அரசியல் பேசுகிறான் என்பார்கள். ஆமாம், இது அரசியல்தான்.

ஆகவே அளவுகோலைத் திருப்பிப் பிடித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. இனி நோயாளி சித்தேரிப் பெரியவர் அல்ல. நோயாளியின் பெயர்: அரசு நிர்வாகம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, மலைப்பக்கம். பார்தெல் குறியீட்டைத் தொடங்குவோம்.

சாப்பாடு: ஒதுக்கிய நிதியைப் பிறர் துணையின்றித் தானே உண்கிறார். 10க்கு 10.

குளியல்: விளம்பர வெளிச்சத்தில் தினமும் குளிக்கிறார். 5க்கு 5.

தலை சீவி முகம் திருத்தல்: படம் எடுக்கும் முன் தானே செய்துகொள்கிறார். 5க்கு 5.

உடுத்தல்: எந்தக் கட்சி வந்தாலும் அதன் கரைவேட்டியை நொடியில் மாற்றிக் கட்டிக்கொள்கிறார். 10க்கு 10.

மலம், சிறுநீர் அடக்கம்: சாதனைப் புள்ளிவிவரம் அடங்காமல் மேடைதோறும் கசிகிறது. 20க்கு பூஜ்யம்.

கழிப்பறைப் பயன்பாடு: கட்டிவிட்டதாகக் கணக்கு இருக்கிறது, தண்ணீர் வந்ததும் மீதி மதிப்பெண். 10க்கு 5.

இடம் மாறுதல்: மலைக்குப் போட்ட உத்தரவின் மை காயும் முன்பே சமவெளிக்கு மாறிவிடுகிறார். அபார வேகம். 15க்கு 15.

சமதளத்தில் நடை: கலெக்டர் ஆபீசிலிருந்து மண்டபம் வரை, மண்டபத்திலிருந்து பந்தி வரை, தடுமாற்றமே இல்லை. 15க்கு 15.

ஏற்றம் ஏறுதல்: 10க்கு பூஜ்யம்.

மொத்தம் 65. மோசமில்லை, சமவெளியில் நிற்பவன் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. ரேங்கின் அளவுகோலில் 4: துணையில்லாமல் நடக்க முடியாதவர். துணைக்கு ஒரு புறம் கேமராவும் மறு புறம் பத்திரிகைக் குறிப்பும் இருந்தால் நடப்பார். தேர்தல் வருஷத்தில் மட்டும் திடீர்க் குணம் கண்டு மலை உச்சிவரை ஓடுவார். ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் பழையபடி விழுந்துவிடுவார். மருத்துவ நூல்கள் இதை இன்னும் பதிவு செய்யவில்லை.

இதெல்லாம் முடியாத காரியமா என்று கேட்பவர்கள் சித்தேரியின் மறுபக்கம் இறங்கிப் பார்க்கட்டும். சித்தேரிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி ஒரு குடிசையில் பழங்குடி மக்களுக்கான ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்கள். அங்கே அப்போது பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 147 குழந்தைகள் ஒரு வயது முடியுமுன் செத்தன. ஊர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பி, அந்த எண்ணை இருபதை ஒட்டிக் கொண்டுவந்தார்கள். எத்தனை குழந்தைக்கு எடை பார்த்தோம் என்று அவர்கள் கணக்குச் சொல்லவில்லை. எத்தனை குழந்தை பிழைத்தது என்று சொன்னார்கள். மலை அதே மலைதான். மக்களும் அதே மக்கள்தான். கேட்ட கேள்விதான் வேறு.

சித்தேரியில் இன்று மாத்திரைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாறைப்படி ஏறும் பெண் தன்னார்வலரைத்தான் நான் நம்புகிறேன். சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அவர் ஏறுகிற ஏற்றத்தை மாவட்டத் தலைநகரில் யாரும் ஏறியதில்லை. அவருடைய நோட்டில் இன்னும் ஐந்து கட்டம் போட்டுக் கொடுங்கள். பக்கவாதம் வந்து தொண்ணூறாம் நாள்: உயிரோடு இருக்கிறாரா? தானே எழுந்து நடக்கிறாரா? பிறர் துணையில்லாமல் காட்டுக்குப் போய் வருகிறாரா? பழைய வேலையில் எதையாவது செய்கிறாரா? அவர் படுத்ததால் வீட்டில் யார் கூலிக்குப் போவதை நிறுத்தினார், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டது? கடைசிக் கேள்வி ரேங்கின் அளவுகோலிலும் இல்லை, பார்தெல் குறியீட்டிலும் இல்லை. சித்தேரி உலகத்துக்குக் கொடுக்கட்டும். ஆளைப் பார்க்க முடியவில்லை என்றால் அதற்கும் ஒரு கட்டம் இருக்கட்டும். ஆனால் அதை நோயாளியின் குற்றமாக எழுதாமல், நாம் போகவில்லை என்று எழுத வேண்டும். கேட்கும் அந்தப் பெண்ணுக்கு அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கணக்குக் கேட்பதும் வேலைதான்.

கேட்டு வாங்கிய எண்ணை ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரில், இரண்டு கோடிப் பயனாளிச் சுவரொட்டிக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் ஒட்டுங்கள். இந்த வருஷம் இத்தனை பேர் விழுந்தார்கள், இத்தனை பேர் எழுந்தார்கள். அச்சுக்கூலி கட்டுப்படியாகாது என்று நிதித்துறை பயப்பட வேண்டியதில்லை. விழுந்தவர்களின் எண்ணுக்குக் கொஞ்சம் மை பிடிக்கலாம். எழுந்தவர்களின் எண், இன்றிருக்கும் லட்சணத்துக்கு, சிக்கனமாகவே முடிந்துவிடும்.